கண்டல் கறுப்பனுக்கு நாலு முடிச்சு

பக்கீரின் இடது கை போத்தலின் கழுத்தைப் பிடித்திருந்தது. வலது கை, சலித்த விறகுச் சாம்பலை விரல் நுனியால் அள்ளி, உள்ளே கிடந்த நெல்லின் மேல் ஒரு விரற்கடை உயரத்துக்குப் போட்டது. பிறகு காய்ந்த வேப்பிலை இரண்டு. பிறகு மூடி. மூடியைச் சுற்றி உருக்கிய மெழுகு. கடைசியாகத் தும்புக் கயிற்றுத் துண்டொன்றைக் கழுத்தில் சுற்றி முடிச்சுப் போடத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று உதடு எண்ணியது. ஏழாவது முடிச்சில் நிறுத்தினார். ஏழு முடிச்சு என்றால் சீனட்டி நெல்.

அகப்பையோடு குசினி வாசலில் அவருடைய மனைவி றம்லா வந்து நின்று எவ்வளவோ நேரமாகிவிட்டது.

"இஞ்ச பாருங்க, எண்ணெய்க்காரன் படலையில நிக்கிறான். ஒரு போத்தல் தாங்க."

"போத்தல் இல்ல, புள்ள."

"கட்டிலுக்குக் கீழ நாப்பத்தொரு போத்தல் கிடக்கு."

"அதுக்குள்ள ஆக்கள் இருக்காங்க."

றம்லா எண்ணெயைக் கறிச்சட்டியில் வாங்கினாள். அன்றைக்கும் அதுதான் நடந்தது, போன மாதமும் அதுதான் நடந்தது. இருபத்தேழு வருஷக் குடித்தனத்தில் இந்த வீட்டுக்கு வந்த போத்தல் எதுவும் எண்ணெயைக் கண்டதில்லை.

அவை சாராயப் போத்தல்கள் என்பது இன்னொரு கரைச்சல். மூடி இறுகப் பொருந்துவது அந்தப் போத்தலில்தான் என்று பக்கீர் கண்டுபிடித்திருந்தார். திருகோணமலைக்குப் போகும்போதெல்லாம் விடுதியொன்றின் பின்பக்கம் போய்க் கேட்டு, சாக்கில் கட்டி, லோஞ்சில் ஏற்றிக் கடலைத் தாண்டி மூதூருக்குக் கொண்டுவருவார். மணல் போட்டு உலுக்கி, ஏழு தண்ணீரில் கழுவி, மூன்று வெயிலில் காயவைப்பார். ஒருமுறை பாத்திஹா ஓத வந்த பள்ளிவாசல் லெப்பை, தவறி விழுந்த தொப்பியை எடுக்கக் குனிந்தவர், கட்டிலுக்குக் கீழே வரிசையாக நின்ற போத்தல்களைக் கண்டார். ஊற்றி வைத்த தேத்தண்ணியைக் குடிக்காமலே எழும்பிப் போனார்.

"வெக்கமாயில்லையா உங்களுக்கு?" என்று றம்லா அன்று முழுக்கக் கேட்டாள்.

"அவர் போத்தலைத்தானே பார்த்தவர். உள்ளுக்குப் பார்க்கல்லயே."

மூதூரில் கடற்கழியை ஒட்டி பக்கீருக்கு ஒன்றரை ஏக்கர் வயல். அதைப் பத்தொன்பது துண்டாக வரம்பு கட்டிப் பிரித்திருந்தார். ஒவ்வொரு துண்டிலும் ஒவ்வொரு நெல். பச்சைப்பெருமாள் பழுக்கும்போது பக்கத்துத் துண்டு பூத்துக்கொண்டிருக்கும். அதற்கடுத்தது அப்போதுதான் குடலைக்கு வந்து, கதிர் உள்ளுக்குள்ளேயே இருக்கும். ஒரே நாளில் அறுத்துக் கட்டிவிட்டுக் காலை நீட்டிப் படுக்கும் பாக்கியம் றம்லாவுக்குக் கிடைத்ததில்லை. அறுவடை இரண்டு மாதம் இழுக்கும். உழவு மெஷின்காரன் ஒரேயொரு தடவை வந்து வரம்பில் நின்று பார்த்தான். "நானா, இது வயலா, நாயும் புலியும் விளையாடக் கீறின கட்டமா?" என்று கேட்டுவிட்டு மெஷினைத் திருப்பிக்கொண்டு போனான். சுற்றிவர எல்லாரும் அரசாங்கம் கொடுத்த புது நெல்லை விதைத்து, உரம் போட்டு, ஏக்கருக்கு இவருடையதைப் போல இரண்டு மடங்கு எடுத்தார்கள். றம்லா அதை அவருக்குச் சொல்லாத நாளில்லை. அவர் அதை மறுத்த நாளுமில்லை.

"ஓம், கூடத்தான் விளையுது. நல்ல புள்ளதான் அது. ஆனா உப்புக் காய்ச்சல் வந்தா அதுக்கு எழும்ப ஏலாது, புள்ள."

நெல்லை அவர் கண்ணால் பார்ப்பது குறைவு. ஒரு மணியை எடுத்து முன்பல்லுக்கு நடுவில் வைத்து, கண்ணை மூடிக் கடிப்பார். 'டிக்' என்று கேட்டால் காய்ந்திருக்கிறது. சத்தம் மந்தமாக இருந்தால் இன்னும் ஒரு வெயில். கடித்ததை நாக்கில் வைத்து என்ன நெல் என்றும் சொல்லிவிடுவார். றம்லா ஐந்தாம் வகுப்புவரை படித்தவள். பேர் எழுதி ஒட்டித் தருகிறேன் என்று கலியாணம் முடித்த வருஷத்திலிருந்து கேட்கிறாள்.

"எழுத்து நனைஞ்சா அழியும். முடிச்சு நனைஞ்சா இறுகும்," என்பார் அவர். அதோடு கதை முடிந்துவிடும்.

போத்தலுக்கும் முடிச்சு, சாக்குக்கும் முடிச்சு. முடிச்சில்லாத சாக்கு சாப்பாட்டுக்கு. இந்த ஒரு சட்டத்தை மட்டும் அவர் றம்லாவுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். அவளும் அதை ஒரு நாளும் மீறியதில்லை.

வித்தை அவர் விற்பதில்லை, சும்மா கொடுப்பதுமில்லை. வாங்க வருகிறவர் பதிலுக்கு முளைக்கக்கூடிய ஏதாவது கொண்டுவர வேண்டும். மிளகாய் விதையோ பூசணி விதையோ பயறோ, எதுவானாலும் சரி. அதோடு தன் வயலில் இருந்து ஒரு பிடி மண்ணும் வேண்டும். மண்ணை நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேள்வி தொடங்குவார். தண்ணீர் எந்தப் பக்கத்தால் வருகிறது, எத்தனை நாள் நிற்கிறது, மாடு மேய்கிறதா, போன போகம் என்ன நெல், அதற்கு முந்தின போகம் என்ன. "ஆசுபத்திரியிலகூட இவ்வளவு கேட்டுப்போட்டு மருந்து தாறதில்ல," என்று றம்லா உள்ளேயிருந்து சத்தம் போடுவாள். கொடுக்கிற வித்தோ ஒரு சுண்டு, ஒரு சிரட்டை அளவு.

அரிசி நெல்லு கொண்டுபோகத் தடை போட்டிருந்த காலத்தில் இறங்குதுறையில் பொலிஸ்காரன் ஒருவன் அவரை மறித்தான். மடியை அவிழ்த்தால் லேஞ்சித் துணியில் கட்டிய பொட்டலம் பதினொன்று. ஒவ்வொன்றிலும் ஒரு பிடி நெல், ஒவ்வொன்றிலும் வேறுவேறு முடிச்சு.

"இதென்ன, மருந்தா?"

"இல்ல மகன். பதினொரு வயல்."

அவன் அவரை ஒன்றரை மணித்தியாலம் வெயிலில் இருத்தி வைத்துவிட்டுத்தான் விட்டான். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தவருக்குத் தலையிடி. நெற்றியில் பத்துப் போட்டது யார்? றம்லாதான்.

எழுபத்துநாலாம் ஆண்டுப் பெரும்போகத்துக்கு, அதாவது மாரிமழை விதைப்புக்கு முன், அவருடைய கவலையெல்லாம் ஒரே நெல்லில் இருந்தது. அதன் பேர் கண்டல் கறுப்பன். கண்டல் மரம் நிற்கிற சேற்றில்கூட நிற்கும், மணி கறுத்திருக்கும், விளைச்சல் குறைவு, சோறு தடிப்பு. உப்புத் தண்ணீர் ஏறிய வயலில் தலை நிமிர்ந்து நிற்பது அது ஒன்றுதான். அவரிடம் ஒரு போத்தல் மட்டும் இருந்தது. அதை மூன்று போகம் விதைத்துப் பெருக்கி, இரண்டு புசல் கொண்ட ஒரு சாக்காக்கி, நாலு முடிச்சுப் போட்டு மூலையில் வைத்திருந்தார். வேறு எவரிடமும் அது இல்லை. அவர் விசாரித்துப் பார்த்தாயிற்று. ஈச்சிலம்பற்றுவரை சைக்கிளில் போய் விசாரித்தார்.

அந்தச் சாக்கு முழுதும், வழக்கமான ஒரு சுண்டு அல்ல, கட்டைபறிச்சான் ஊர்க் குணேஸ்வரிக்கென்று சொல்லி வைத்தது. அவள் புருஷன் இல்லாதவள், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்பிள்ளைகளின் தாய். சொத்து அரை ஏக்கர். கழி அணை உடைந்து கடல் தண்ணீர் உள்ளே வந்ததிலிருந்து இரண்டு போகம் புது நெல் விதைத்தாள். இரண்டும் ஒரு சாண் வளர்ந்து, மஞ்சளாகி, கருகிப்போயின. "இந்த மாரியும் பிழைச்சா வயலைக் குடுத்துப்போட்டு, திருகோணமலைக்கு அங்கால உப்புவெளியில ஒரு வீட்டுக்குச் சமைக்கப் போறதுதான், ராத்தா," என்று றம்லாவிடம் சொல்லியிருந்தாள். அழவில்லை. மீன் விலை சொல்வதுபோலச் சொன்னாள். அதனால்தான் றம்லாவுக்கு அது மனதில் தங்கியது.

விதைப்பு நெருங்கிய ஒரு திங்கட்கிழமை குணரத்தினம் என்றொரு விவசாய உத்தியோகத்தர் வந்தார். கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர். தோள்பையில் மண்ணிற என்வலப் ஒரு கட்டு. உலகம் முழுக்கப் பழைய நெல்லினங்கள் அழிந்துகொண்டு வருகின்றன, எல்லா நாட்டிலிருந்தும் சேர்த்து ஒரு குளிர் அறையில் வைக்கிறார்கள், நூறு வருஷம் போனாலும் எடுத்து முளைக்க வைக்கலாம் என்று பொறுமையாக விளங்கப்படுத்தினார். றம்லா அவருக்குக் கதிரையைத் துடைத்துப் போட்டாள். உலகத்தில் வேறு வீடே இல்லையா, என் கட்டிலுக்குக் கீழேதானா எல்லாம் கிடக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது.

"குளிருக்குள்ள நூறு வருஷம் கிடந்தா, நெல்லுக்கு மழை எப்பிடியெண்டு மறந்து போகாதா, ஐயா?" என்று பக்கீர் கேட்டார்.

"மறக்காது நானா. சோதிச்சுப் பார்த்திருக்கிறம்."

"சரி. பதிலுக்கு என்ன தாறீங்க?"

உத்தியோகத்தர் திகைத்துப்போனார். வழக்கத்தை றம்லா சொன்னாள். அவர் காற்சட்டைப் பையைத் துழாவி ஒரு பிடி கச்சான் கடலை எடுத்து நீட்டினார். பக்கீர் ஒன்றை உடைத்துக் கடித்தார்.

"வறுத்தது. முளைக்காது."

கடைசியில் குணரத்தினம் கடைத்தெருவரை நடந்துபோய் அரை இறாத்தல் பயறு வாங்கிவந்தார். அதன் பிறகு எல்லாம் சுமுகமாக நடந்தது. பக்கீர் ஒவ்வோர் இனத்திலும் ஒரு போத்தலைத் திறந்து, கடித்து, பேர் சொன்னார். உத்தியோகத்தர் எழுதினார். பதினெட்டு என்வலப் நிறைந்தது. பத்தொன்பதாவதில் 'கண்டல் கறுப்பன், மூதூர்' என்று எழுதி நீட்டியபோது பக்கீர் தலையை ஆட்டினார்.

"அது தர ஏலாது. அது குணேஸ்வரிக்குச் சொன்ன வித்து. சொன்ன வித்தை இடையில நான் உடைக்கிறதில்ல."

"ஒரு பிடிதானே நானா. உங்களுக்கு ஏதும் நடந்தா, உலகத்திலயே இல்லாமப் போயிடும்."

"எனக்கு என்ன நடக்கப் போகுது?"

உத்தியோகத்தர் வெற்று என்வலப்பை மேசையில் வைத்துவிட்டு எழும்பினார். லோஞ்சுக்கு நேரமாகிவிட்டது. பதினெட்டையும் சேர்த்துக் கட்டக் கயிறு தேடினார்கள். கடற்காற்றில் சிதறிவிடும் என்று பக்கீருக்குப் பதற்றம். ஓடிப்போய் எங்கேயோ ஒரு கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து, குழந்தைக்குத் துணி சுற்றுவதுபோலக் கவனமாகக் கட்டிக் கொடுத்தார். வெற்று என்வலப்பை நாலாக மடித்து, ஆடுகிற மேசைக் காலுக்குக் கீழே வைத்தார்.

செவ்வாய்க்கிழமை பக்கீர் வயலுக்குப் போனார். உழுவதற்கல்ல, பார்ப்பதற்கு. நண்டு இன்னும் வளையை மூடவில்லை, மழை பிந்தும், அதற்குமுன் உழக்கூடாது என்பது அவர் கணக்கு. ஊரெல்லாம் உழுது சேறடித்து நின்றது. அவர் நண்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

றம்லாவுக்கு வேறு வேலை இருந்தது. மகள் பிள்ளை பெற்று இருபது நாள். வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் பிள்ளை பார்க்க வருகிறார்கள், பதினைந்து பேராவது இருக்கும். கூப்பன் அரிசி இரண்டு நாளைக்குக்கூடக் காணாது. மூலையில் பார்த்தாள். ஒரு சாக்கில் முடிச்சில்லை. வாயை மடித்துத்தான் வைத்திருந்தது. அதை இழுத்து, இரண்டு பெரிய கிடாரத்தில் பாதிபாதியாகக் கொட்டித் தண்ணீர் ஊற்றி, அவிப்பதற்கு ஊறவைத்தாள். இருட்டிப்போய்விட்டது. நெல்லின் நிறத்தை அவள் பார்க்கவில்லை.

புதன்கிழமை விடியப் பக்கீர் மறுபடி வயலுக்குப் போய்விட்டார். றம்லா முதலாவது கிடாரத்தை அடுப்பில் ஏற்றி அவித்து இறக்கினாள். நல்ல சுடுதண்ணீரை வீணாக்குவானேன் என்று வடித்ததை இரண்டாவது கிடாரத்துக்குள் ஊற்றினாள். அடுத்த அவிப்புக்கு விறகு மிச்சம். அவித்த நெல்லைப் பாயில் பரப்பினாள். அவித்த நெல் எதுவும் ஈரத்தில் கறுத்துத்தான் தெரியும் என்பதால் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை.

குணேஸ்வரி வந்தது பத்து மணியளவில். ஒரு பொட்டலத்தில் வெண்டி விதை, இன்னொன்றில் வயல் மண். அவளுடைய அரை ஏக்கர் சேறடித்து, மட்டப்படுத்தி, விதைக்கக் காத்திருந்தது. பக்கீரும் அப்போதுதான் திரும்பி வந்து சைக்கிளைச் சாத்தினார். மண்ணை நாக்கில் தொட்டார். "உப்புத்தான். ஆனா இவன் நிப்பான், தங்கச்சி," என்று சொல்லிக்கொண்டே மூலைக்குப் போனார். மூலை வெறுமையாக இருந்தது.

அவர் வெளியே வந்தார். பாயில் கறுத்த நெல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. குனிந்து ஒன்றை எடுத்துக் கடித்தார். சத்தமில்லை.

"அவிஞ்சிற்று," என்றார்.

"சாப்பாட்டு நெல்லுத்தானே," என்றாள் றம்லா. "முடிச்சில்லாத சாக்கு."

"நாலு முடிச்சு போட்டிருந்தன். கயிறு எங்க?"

றம்லா மூலையைத் திரும்பிப் பார்த்தாள். திங்கட்கிழமை கட்டிக் கொடுத்த பொதி நினைவுக்கு வந்தது.

"கயிறா? திருகோணமலையில இருக்கும். நீங்கதானே இழுத்துக்கொண்டு போய் ஐயாட பொதியைக் கட்டினீங்க!"

குணேஸ்வரி வெண்டி விதையைக் கையில் பிடித்தபடி நின்றாள். யாரும் அவளுக்கு விளங்கப்படுத்தவில்லை, தேவையும் இருக்கவில்லை. பக்கீர் பாயின் ஓரத்தில் குந்தினார். இருபத்தேழு வருஷத்தில் அந்த மனிதரிடம் பதில் இல்லாமற் போனதை றம்லா அன்றுதான் கண்டாள். அதைப் பார்க்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை, எரிச்சல்தான் கூடியது.

"எழும்புங்க. செத்த வீடு மாதிரிக் குந்திக்கொண்டு இருக்காதீங்க. மற்றக் கிடாரம் இன்னும் அவிக்கல்ல."

அவர் எழும்பி ஓடினார். தண்ணீரைத் தொட்டவர் கையை வெடுக்கென்று எடுத்தார்.

"சுடுது! இதையும் அவிச்சுப்போட்டியா?"

"வடிச்ச தண்ணியை ஊத்தினனான். தள்ளுங்க."

றம்லா சட்டைக் கையைச் சுருட்டி முழங்கையைத் தண்ணீருக்குள் வைத்தாள். பேரனைக் குளிப்பாட்டுமுன் இருபது நாளாக அப்படித்தான் பார்க்கிறாள். கை விரல் பொய் சொல்லும். அடுப்படியில் காய்ந்த விரலுக்குச் சூடு தெரியாது, பயந்த விரலுக்கு எல்லாம் சூடு. முழங்கை சரியாகச் சொல்லும். அவள் எண்ணி இருபதுவரை வைத்திருந்தாள்.

"புள்ளயைக் குளிப்பாட்டலாம். நெல்லு சாகாது. வடியுங்க."

மூவரும் சேர்ந்து வடித்தார்கள். ஒரு புசல் தேறியது. ஊறிவிட்ட நெல்லை இனிக் காயவைத்துப் போத்தலில் போட ஏலாது. முளை கட்டி, இரண்டு மூன்று நாளில் சேற்றுக்குள் போக வேண்டும், இல்லாவிட்டால் அழுகும். முளைக்குமா என்பதுகூட விடியத்தான் தெரியும்.

பக்கீர் வழமைப்படி தொடங்கினார். "முளைச்சா, பாதி என்ட வயலுக்கு. வித்துக்கு வேணும். மிச்சம் பாதி…"

"உங்கட வயல் எங்க உழுது கிடக்கு?" என்றாள் றம்லா. "நண்டுகிட்டக் கேட்டுச் சொல்லுங்க."

குணேஸ்வரி முதல்தடவையாக வாய் திறந்தாள். "பாதியெண்டா பாதி, நானா. கால் ஏக்கராவது பச்சையாத் தெரியட்டும்."

பக்கீர் வைக்கோல் எடுத்துக்கொண்டு வந்தார். நெல்லைச் சாக்கில் கட்டி, வைக்கோலால் மூடி, மேலே அம்மிக் குழவியைப் பாரம் வைத்தார். அன்று முழுக்க அதற்குப் பக்கத்திலேயே இருந்தார். மணிக்கொருதரம் சாக்குக்குள் புறங்கையை நுழைத்துச் சூடு பார்த்தார், தண்ணீர் தெளித்தார். மகள் பிள்ளையை ஏந்திக்கொண்டு வந்து நின்று, "வாப்பா, இவனை ஒருக்காத் தூக்குங்களன்," என்றாள். "பொறு புள்ள, இஞ்ச காய்ச்சல் ஏறுது," என்றார். றம்லா அவித்த நெல்லைக் காலால் துழாவிக் காயவைத்தாள். பதினைந்து பேருக்குச் சோறு வேண்டும். அதையும் யாராவது பார்க்கத்தானே வேண்டும்.

அடுத்த நாட்காலை குணேஸ்வரி சூரியனுக்கு முந்தி வந்துவிட்டாள். பக்கீர் குழவியை இறக்கி, வைக்கோலை விலக்கி, சாக்கின் வாயைத் திறந்தார். கையை உள்ளே விட்டு ஒரு பிடி எடுத்து விரித்தார். கறுத்த மணிகளின் நுனியில் வெள்ளை. எல்லாவற்றிலும் இல்லை, பத்துக்கு எட்டில் இருந்தது. அவர் ஒன்றையும் கடிக்கவில்லை. பிடியை அப்படியே சாக்குக்குள் திருப்பிப் போட்டார். சாக்கை முழுதாகத் தூக்கிச் சைக்கிளில் வைத்தார்.

"பாதி…?" என்றாள் குணேஸ்வரி.

"பிடியுங்க தங்கச்சி, சரியுது."

பிறகு உள்ளே போனார். மேசையைத் தூக்கி, காலுக்குக் கீழே கிடந்த என்வலப்பை எடுத்து, முழங்காலில் வைத்து மடிப்பு மடிப்பாக நீவினார். றம்லாவிடம் நீட்டினார்.

"இதில என்ன எழுதியிருக்கு?"

"கண்டல் கறுப்பன், மூதூர்."

"வடிவாப் பார்த்துச் சொல்லு."

"கண்டல் கறுப்பன், மூதூர். எத்தினை தரம் வாசிக்கிற?"

அவர் அதைக் குணேஸ்வரியின் கையில் கொடுத்தார். "முதல் அறுக்கிறதில ஒரு பிடி இதுக்குள்ள போட்டுத் தாங்க. ஐயாவுக்கு அனுப்ப வேணும்."

அவள் அதைச் சேலைத் தலைப்பில் முடியப் போனாள். பக்கீர் கையைக் காட்டி மறித்து, என்வலப்பைத் திரும்ப வாங்கினார். மடியிலிருந்து ஒரு தும்புக் கயிற்றுத் துண்டை எடுத்து, எழுத்துக்குக் குறுக்கே சுற்றிக் கட்டி, நாலு முடிச்சுப் போட்டார்.